கடை உள்ளலங்காரம்: முன்பணம் கொடுக்கும் முன்

நமது வட்டாரத்து மளிகைக் கடைகளுக்குச் சமீப காலமாக ஒரு புதிய விருந்தாளி வந்து போகிறார். மடிக்கணினியைத் திறந்து கல்லாவின் மேல் வைக்கிறார். "அண்ணாச்சி, இப்ப உங்க கடை இப்படி இருக்கு. நாங்க முடிச்சுக் கொடுத்தா இப்படி இருக்கும்" என்று ஒரு படத்தைக் காட்டுகிறார். படம் அழகாகத்தான் இருக்கிறது. பளபளக்கும் தரை, மேலே பொய்க்கூரை, அதற்குள் புதைத்த விளக்குகள், முகப்பு முழுவதும் கண்ணாடி. ஆனால் அந்தப் படத்தில் ஒரு சாக்கு மூட்டை இல்லை, எண்ணெய் டின் இல்லை, சரக்கு இறக்கும் ஆள் இல்லை. வாங்க வந்தவர் ஒருவர்கூட இல்லை.

2022 டிசம்பரில் பழைய பாம்பன் பாலத்தில் ரயில் நின்ற பிறகு தீவு வியாபாரிகள் பட்ட பாட்டை நாம் அறிவோம். 2025 ஏப்ரல் 6 அன்று புதிய பாலம் திறந்து ரயில்கள் மறுபடி ராமேசுவரம் வரை வரத் தொடங்கியதும், கடையைப் புதுப்பிக்க வேண்டும் என்ற ஆசை எல்லோருக்கும் வந்திருக்கிறது. அது நியாயமான ஆசை. உறுப்பினர்கள் பலர் இது பற்றிச் சங்க அலுவலகத்தில் கேட்டு வருவதால் நமது அபிப்பிராயத்தை இங்கே எழுதுகிறோம்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறோம். உள்ளலங்கார நிபுணர்களுக்கு நாம் எதிரி அல்ல. ஒரு கிலோ துவரம் பருப்பு எடுக்க மூன்று மூட்டைகளைத் தாண்ட வேண்டிய கடைகள் நம்மிடையே ஏராளம். பின்வரிசையில் மறைந்து கிடந்த பாக்கெட்டின் காலாவதித் தேதியை வாடிக்கையாளர் படித்துக் காட்டி நாம் தலைகுனிந்ததும் உண்டு. இவற்றைச் சரிசெய்யத் தெரிந்தவர் வந்தால் கைகூப்பி வரவேற்க வேண்டியதுதான். சரக்கு எந்த வழியாக உள்ளே வருகிறது, எங்கே காத்திருக்கிறது, வாங்குபவர் எங்கே நிற்கிறார், எங்கே நெருக்கியடிக்கிறது, பணம் எங்கே கைமாறுகிறது என்று பார்த்து, அதற்கேற்ப அலமாரியையும் விளக்கையும் வழியையும் அமைப்பதுதான் இந்தத் தொழில். அலங்காரம் அதில் கடைசிப் பங்கு. நமக்கு வாய்ப்பவர்களில் பலர் அந்தக் கடைசிப் பங்கை மட்டும் விற்கிறார்கள் என்பதே நம் குறை.

1916இல் அமெரிக்காவின் மெம்பிஸ் நகரில் கிளாரன்ஸ் சாண்டர்ஸ் என்பவர் 'பிக்லி விக்லி' என்ற பெயரில் ஒரு மளிகைக் கடை திறந்தார். அதுவரை அங்கேயும் நம் ஊர்ப் பழக்கந்தான். வாங்குபவர் மேசைக்கு அந்தப் பக்கம் நின்று சொல்லுவார், கடைப் பையன் எடுத்துக் கொடுப்பான். சாண்டர்ஸ் அந்த மேசையை எடுத்துவிட்டார். உள்ளே நுழைபவர் ஒரே வழியாகச் சுற்றி, எல்லாப் பொருளையும் பார்த்து, வேண்டியதைத் தாமே எடுத்துக்கொண்டு, கடைசியில் பணம் கட்டும் இடத்துக்கு வந்து சேரும்படி அலமாரிகளை நிறுத்தினார். அந்த அமைப்புக்கு 1917இல் காப்புரிமையும் பெற்றார். இன்று உலகெங்கும் உள்ள சூப்பர் மார்க்கெட்டுகளுக்கு மூலமாக இருப்பது ஒரு மளிகை வியாபாரி போட்ட வரைபடம்.

நமக்கு மெம்பிஸ் வரை போக வேண்டியதுகூட இல்லை. ராமேசுவரம் கோயிலின் மூன்றாம் பிராகாரத்தில் எத்தனை ஆயிரம் பேர் திரண்டாலும் நடுவழி அடைபடுவதில்லை. தூண்களெல்லாம் இரு பக்கமும் உயர்ந்த திண்ணைகளின் மேல் ஏறி நிற்கின்றன. களைத்தவர் திண்ணையோரம் ஒதுங்கலாம், நடப்பவர் நடக்கலாம். சேதுபதி மன்னர் காலத்து வேலைக்காரர்களுக்குத் தெரிந்த இந்தச் சூட்சுமம், மூன்றடி வழியின் நடுவில் பிஸ்கட் ஸ்டாண்டை நிறுத்தச் சொல்பவருக்குத் தெரியவில்லை.

அடுத்தது உப்புக்காற்று. மதுரையிலோ கோவையிலோ பத்து வருடம் உழைக்கும் சாமான் பாம்பனிலும் மண்டபத்திலும் இரண்டு மழைக்காலம் தாங்குவதில்லை. புதிய ரயில் பாலத்தைக் கட்டியவர்கள் துருப்பிடிக்காத எஃகுக் கம்பிகளையும், அரிப்பைத் தடுக்கும் பாலிசிலாக்ஸேன் என்ற விசேஷப் பூச்சையும் பயன்படுத்தினார்கள் என்றால் காரணம் இந்தக் காற்றுதான். பாலத்துக்கு வேண்டியிருந்த ஜாக்கிரதை நம் இரும்பு ராக்குக்கு வேண்டாமா? பவுடர் கோட்டிங் அடித்த ராக் வெளியே பார்க்கப் புதிதாகவே இருக்கும். துளை போட்ட இடத்திலும் வெட்டிய ஓரத்திலும் பூச்சு இருக்காது. துரு அங்கிருந்து உள்ளே புகும். எவர்சில்வர் என்று சொல்லிப் போடுவதிலும் தரம் உண்டு. 304 என்ற ரகத்தில் உப்புக்காற்று பட்டால் நாளடைவில் பழுப்புப் புள்ளி விழும். 316 ரகத்தில் மாலிப்டினம் சேர்ந்திருப்பதால் அது அதிக நாள் தாங்கும், விலையும் அதிகம். ஒட்டுப்பலகையில் ஐ.எஸ். 303 என்பது வீட்டுக்குள் ஈரம் படாத இடத்துக்கு. கொதிநீரையும் தாங்கும் பசை போட்டது ஐ.எஸ். 710. மேலே மைக்கா ஒட்டிவிட்டால் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். ஆகவே ஒட்டுவதற்கு முன்பே பலகையில் உள்ள முத்திரையைப் பார்த்துவிட வேண்டும்.

நம் அப்பா காலத்துக் கடைகளில் கடப்பாக் கல் தட்டுகள் இருந்தன. இன்றும் சில கடைகளில் இருக்கின்றன. துருப்பிடிக்காது, ஊறாது, எலி கடிக்காது, ஈரத்துணியால் துடைத்தால் போதும். "அது பழைய ஸ்டைல்" என்று சொல்லி அதை உடைத்தெடுக்கச் சொன்ன ஒருவரை நாம் நேரில் பார்த்தோம். உடைத்த கல்லை என்ன செய்தார்கள் என்று மட்டும் கேட்க மனம் வரவில்லை.

இனி, நம் உறுப்பினர் ஒருவருக்கு நடந்ததைச் சொல்கிறோம். அவர் விருப்பப்படி பெயரை விட்டுவிடுகிறோம், வேலை செய்தவர்களின் பெயரையும் எழுதப் போவதில்லை. ராமேசுவரத்தில் அவருக்கு மூன்று தலைமுறைக் கடை. வீட்டு நகையை அடகு வைத்து, மீதிக்கு வங்கிக் கடன் வாங்கி, ஆடி அமாவாசைக் கூட்டத்துக்குள் முடிக்க வேண்டும் என்று அவசரப்பட்டுக் கடையை மாற்றினார். முகப்புக்குக் கண்ணாடிக் கதவு, உள்ளே ஏ.சி., ஜிப்சம் பொய்க்கூரை. திறப்பு விழாவுக்கு நாமும் போயிருந்தோம். பன்னீர் தெளித்துச் சந்தனம் கொடுத்தார்கள். நாமும் மெச்சிவிட்டுத்தான் வந்தோம் என்பதை மறைப்பதற்கில்லை.

முதல் ஐப்பசி மழையில் பொய்க்கூரை ஈரம் குடித்துத் தொங்கியது. அதன் மேல் எலிகள் குடும்பம் நடத்தி மின்கம்பியைக் கடித்திருந்தன. எலக்ட்ரீசியன் சரியான சமயத்தில் பார்த்ததால் தீப்பிடிக்காமல் தப்பியது. இதெல்லாம் பணத்தால் சரிசெய்யக்கூடிய சேதம். பெரிய சேதம் வேறு இடத்தில் நடந்தது.

அவருடைய வாடிக்கையில் பாதிக்கு மேல் மீனவக் குடும்பங்கள். ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். அந்த இரண்டு மாதமும் விசைப்படகுத் தொழிலாளர் வீட்டில் அடுப்பு எரிவது பெரும்பாலும் நம் கடை நோட்டை நம்பித்தான். தடை முடிந்து படகு போனபின் கணக்கைத் தீர்ப்பார்கள். பழைய கடையில் கல்லா ஓரமாக, தூணை ஒட்டி இருந்தது. அந்த வீட்டுப் பெண்மணி அங்கே வந்து நின்று குரலைத் தாழ்த்தி, "இந்த மாசமும் எழுதிக்கப்பா" என்று சொல்லுவார். இவரும் தலையை ஆட்டிக்கொண்டு எழுதுவார். வேறு யார் காதிலும் விழாது. புதிய அமைப்பில் பில் போடும் இடம் நடுவில் வந்துவிட்டது. முன்னாலும் பின்னாலும் வரிசை. நிலுவை எவ்வளவு என்று கணிப்பொறி பார்த்துப் பையன் உரக்கச் சொல்கிறான். கண்ணாடிக் கதவுக்கு வெளியே ஈரக் காலோடு கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, உள்ளே வராமலே திரும்பிப் போனவர்களை அவரே பார்த்திருக்கிறார். வயதான ஓர் அம்மாள் மட்டும் தெருவில் பார்த்தபோது நேராகவே கேட்டாராம்: "ஏப்பா, கண்ணாடியெல்லாம் போட்டுட்டியே, இனிமே எங்களை மாதிரி ஆளு வரலாமா?"

அந்தத் தடைக்காலத்தில் அவருடைய கடன் நோட்டில் பாதிப் பக்கம் காலி. கடன் குறைந்தது நல்லதுதானே என்று நினைப்பவர்கள், ஜூன் மாதத்துக்குப் பின் அந்த வீடுகளின் ரொக்க வியாபாரமும் வேறு கடைக்குப் போய்விட்டதையும் சேர்த்துக் கணக்குப் பார்க்க வேண்டும்.

வரைபடம் போட்டவர் கெட்டவர் அல்ல. அவர் ஒருநாள் காலையில் வந்து அளவெடுத்துவிட்டுப் போனவர். மாலையில் கடை எப்படி நடக்கிறது என்று பார்க்கவில்லை. நம் உறுப்பினரும் சொல்லவில்லை. கல்லா ஏன் தூண் ஓரம் இருக்கிறது என்று அவரே அதுவரை யோசித்ததில்லையாம்.

ஆகையால் நமது யோசனை ஒன்றுதான். யாரை வைத்து வேலை செய்தாலும், முன்பணம் கொடுக்கும் முன் அவரை ஒரு முழு நாள் கடையில் உட்காரச் சொல்லுங்கள். சரக்கு இறங்கும் நேரத்திலும், பள்ளி விட்ட பின்பும், விளக்கு வைத்த பின்பும் அவர் இருக்கட்டும். கோயில் பக்கத்துக் கடையானால், 22 தீர்த்தங்களிலும் நீராடி உடையிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட வரும் யாத்ரீகர் எப்படி உள்ளே வருகிறார் என்று பார்க்கட்டும். அதைப் பார்த்தவர் பளபளக்கும் வழுவழுப்பான டைல்ஸ் போடச் சொல்ல மாட்டார். சொரசொரப்பான தரையும், வாசலில் தண்ணீர் வடிய ஒரு சிறு சரிவும் கேட்பார். உட்கார நேரமில்லை என்று சொல்பவருக்கு நம் பணத்தை வாங்கவும் நேரமில்லாமல் போகட்டும்.

விளக்கு விஷயத்தில் ஒரு வார்த்தை. நம் முண்டு மிளகாய்க்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதன் நிறமே அதன் விலை. நீலம் கலந்த வெள்ளை எல்.இ.டி. வெளிச்சத்தில் மிளகாயும் மஞ்சளும் வெளிறித் தெரியும். விளக்குப் பெட்டியில் சி.ஆர்.ஐ. என்ற எண் போட்டிருக்கும். 80க்குக் குறையாமல், முடிந்தால் 90 உள்ளதை வாங்கினால் சரக்கு தன் நிறத்தில் தெரியும். நேர்வெயிலில் மிளகாய் நிறம் மங்கும் என்பதும், கருப்பட்டி ஈரக்காற்றில் கசியும் என்பதும், ஊதுபத்திக்குப் பக்கத்தில் வைத்த தேயிலை வாசனை மாறும் என்பதும் நமக்கு அத்துப்படி. இவற்றை வரைபடக்காரருக்குச் சொல்ல வேண்டியது நம் பொறுப்பு.

வேலையாட்களையும் மறக்க வேண்டாம். 2021இல் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் திருத்தப்பட்டு, வேலை செய்பவர்கள் வாய்ப்புள்ளபோது உட்காருவதற்கு இருக்கை தர வேண்டியது கட்டாயமாகிவிட்டது. நமக்குக் காட்டப்பட்ட எந்தப் படத்திலும் ஒரு முக்காலிகூட இல்லை.

பணக்கணக்குக்கு வருவோம். 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி ஆர்க்கிடெக்ட் என்று போட்டுக்கொள்ளப் பதிவு வேண்டும். உள்ளலங்கார நிபுணர் என்று போர்டு மாட்ட அப்படி ஒரு சட்டம் கிடையாது. எனவே போர்டைப் பார்க்காமல், அவர் கடற்கரை ஊரில் செய்து மூன்று வருடம் ஆன கடையைப் போய்ப் பாருங்கள். புதிதாய்த் திறந்த கடையைப் பார்ப்பதில் பயனில்லை. பொருளின் ரகம், கம்பெனி, அளவு எல்லாம் எழுத்தில் வர வேண்டும். சாமான் விற்பவரிடம் அவருக்குக் கமிஷன் உண்டா என்று கூச்சப்படாமல் கேட்கலாம், நாமும் வியாபாரிகள்தானே. இணக்க வரித் திட்டத்தில் இருக்கும் உறுப்பினர்கள், கட்டிய ஜி.எஸ்.டி.யை உள்ளீட்டு வரியாகத் திரும்ப எடுக்க முடியாது. ஆகவே வரியையும் சேர்த்த தொகைதான் உண்மையான செலவு. பட்ஜெட் போடும்போது பலர் இதை விட்டுவிடுகிறார்கள்.

மேலே சொன்ன நம் உறுப்பினர் இந்தத் தை அமாவாசைக்கு முன்பு மறுபடி கொஞ்சம் செலவு செய்தார். இம்முறை யாரையும் அழைக்கவில்லை. பொய்க்கூரையைக் கழற்றினார். கல்லாவைத் தூண் ஓரத்துக்கே கொண்டுபோனார். அதன் பக்கத்தில் ஒரு மர பெஞ்சு போட்டார். நோட்டில் பழைய பெயர்கள் சில திரும்பி வந்திருக்கின்றன, எல்லாம் வரவில்லை. கண்ணாடிக் கதவு மட்டும் கிட்டங்கியில் சுவரோரம் சாய்ந்து நிற்கிறது. எட்டடி உயரம், கீறல் இல்லை. ஊருக்குள் தள்ளிக் கடை வைத்திருக்கும் உறுப்பினர் யாருக்காவது வேண்டுமானால் சங்க அலுவலகத்தில் சொல்லலாம்.