முதல் பதிவு வரவாக இருக்கட்டும்

வீடியோ கேம் ஆடினால் சம்பளம் கிடைக்கும் என்று சொன்னால் பெற்றோர் சிரிக்கின்றனர்; பிள்ளைகளோ உடனே நம்பிவிடுகின்றனர். இரண்டுமே சரியன்று. அப்படியொரு தொழில் உண்மையாகவே இருக்கிறது. அதன் பெயரைச் சொல்லி நடக்கும் மோசடியும் இருக்கிறது. குர்லாவில் வங்கிப் பணியாற்றும் நம்மிடம், தாராவியிலிருந்தும் செம்பூரிலிருந்தும் வரும் தமிழ்க் குடும்பத்தினர் இவ்விரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொண்டு பேசும்போதுதான் கவலை பிறக்கிறது.

முதலில் தொழிலைப் பார்ப்போம். ஒரு விளையாட்டு விற்பனைக்கு வருமுன் அதிலுள்ள பிழைகளைக் கண்டுபிடிப்பதே சோதனையாளரின் வேலை. ஒரே சுவரில் நூறு முறை மோதிப் பார்க்க வேண்டும். ஒரே கதவை நூறு விதமாகத் திறக்க வேண்டும். ஆட்டத்தின் நடுவே அழைப்பு வந்தால், மின்கலம் தீர்ந்தால், இணையம் அறுந்தால் என்ன ஆகிறது என்று குறித்துவைக்க வேண்டும். பிழை அகப்பட்டதும் அறிக்கை எழுத வேண்டும்: எந்தக் கருவியில், எந்தப் பதிப்பில், எந்தெந்தப் படிகளைச் செய்தபோது, என்ன நடந்திருக்க வேண்டும், என்ன நடந்தது. அதைப் படித்து வேறொருவர் அதே பிழையைத் தம் மேசையில் மீண்டும் வரவழைக்க முடியாவிட்டால் அந்த அறிக்கையால் பயனில்லை. எனவே, நன்றாக ஆடுபவரைவிட நன்றாக எழுதுபவருக்கே இங்கே மதிப்பு என்பது நம் கருத்து.

குர்லாவுக்கு இது புதிதுமன்று. சுவதேசி ஆலையில் துணியின் குறை பார்த்தவர்களும், பிரீமியர் தொழிற்சாலையில் பத்மினிக் கார்களைச் சரிபார்த்து அனுப்பியவர்களும் இந்த ஊரில் வாழ்ந்தவர்களே. குறை காண்பது கௌரவமான பிழைப்புதான். அதைச் சரிவரச் செய்யாமல் பொருளைச் சந்தைக்கு அனுப்பினால் என்னவாகும் என்பதற்கு ஒரு சான்று: 2020 டிசம்பரில் போலந்து நாட்டு நிறுவனம் ஒன்று வெளியிட்ட ‘சைபர்பங்க் 2077’ பிழைகள் மலிந்திருந்தமையால், சோனி நிறுவனம் சில நாட்களிலேயே அதைத் தன் பிளேஸ்டேஷன் இணையக் கடையிலிருந்து நீக்கியது. மீண்டும் அங்கே இடம்பெற 2021 ஜூன் வரை காத்திருக்க நேர்ந்தது.

வேலை எங்கே இருக்கிறது? பிரான்சு நாட்டு யூபிசாஃப்ட் 2008-இல் புனேயிலும் 2018-இல் மும்பையிலும் தன் கூடங்களை அமைத்தது. ராக்ஸ்டார் பெங்களூரிலும் எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் ஐதராபாத்திலும் இயங்குகின்றன. பிற நிறுவனங்களுக்காகச் சோதனைப் பணியை ஒப்பந்தமாக ஏற்கும் குளோபல்ஸ்டெப் போன்ற நிறுவனங்கள் புனேயில் உள்ளன. புதியவர்கள் பலர் ஒப்பந்தப் பணியாளராகவே நுழைகின்றனர். ஒரு விளையாட்டு முடிந்ததும் ஒப்பந்தமும் முடிந்துவிடக்கூடும். புனேயில் அறை வாடகை போக எவ்வளவு மிஞ்சும் என்று கணக்கிட்ட பிறகே வண்டி ஏறுவது நன்று.

பயிற்சிக்கென்று கடன் கேட்டு வருவோரிடம் நாம் சற்றுத் தயங்கியே பேசுகிறோம். கடன் விற்க வேண்டிய அதிகாரி இப்படிச் சொல்வது விந்தையாகத் தோன்றலாம். மென்பொருள் சோதனைக்கான ஐஎஸ்டிகியூபி அடிப்படைச் சான்றிதழின் பாடத்திட்டம் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. தேர்வுக் கட்டணம் மட்டும் கட்டினால் போதும். கைப்பேசியில் உள்ள ஏதேனும் ஓர் இலவச விளையாட்டை எடுத்து, அதில் பத்துப் பிழைகளைக் கண்டுபிடித்து, முறையான அறிக்கைகளாக எழுதி வைத்திருப்பவர், பெருந்தொகை கட்டிப் பயின்றவருக்கு எவ்விதத்திலும் குறைந்தவரல்லர். இதே திறமை வங்கி மென்பொருளைச் சோதிக்கவும் பயன்படும் என்பதையும் சொல்லிவைக்கிறோம். விளையாட்டு நிறுவனத்தின் கதவு திறக்காவிட்டால் அந்தக் கதவையும் தட்டலாம்.

இனி மோசடி. வாட்ஸ்அப்பிலோ டெலிகிராமிலோ ஒரு செய்தி வருகிறது: வீட்டிலிருந்தபடியே விளையாட்டைச் சோதியுங்கள், நாளொன்றுக்கு இவ்வளவு ரூபாய் என்று. முதல் நாள் சில நூறு ரூபாய் உண்மையாகவே கணக்கில் விழுகிறது. நம்பிக்கை வேரூன்றியதும் பதிவுக் கட்டணம், பயிற்சி வைப்பு, அடுத்த நிலைக்கான முன்பணம் என்று கேட்கத் தொடங்குகின்றனர். அம்மாவின் நிரந்தர வைப்பை முதிர்வுக்கு முன்பே முடித்துக்கொடுக்கும்படி கிளைக்கு வந்து நிற்பதும் இக்கட்டத்தில்தான். வேலை தருபவர் சம்பளம் கொடுப்பவரே அன்றிப் பணம் வாங்குபவர் அல்லர். வணிகவியல் படித்தவர் மொழியில் சொன்னால், வேலையின் பெயரால் பாஸ்புத்தகத்தில் விழும் முதல் பதிவு பற்றாக இருக்குமானால் அது வேலையே அன்று.

பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டைச் ‘சோதிக்க’ அழைப்பவர்களும் உண்டு. அத்தகைய விளையாட்டுகளை 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம் தடைசெய்கிறது. அவற்றுக்கான பணப் பரிமாற்றத்தை வங்கிகள் நடத்திக்கொடுப்பதையும் அது தடுக்கிறது.

இவை எல்லாவற்றினும் கொடியது, ‘சம்பளம் போடுவதற்கு’ என்று சொல்லிக் கணக்கையும் ஏடிஎம் அட்டையையும் சிம் கார்டையும் வாங்கிக்கொள்வது. ஏமாற்றப்பட்ட வேறொருவரின் பணம் அக்கணக்கின் வழியே ஓடும். அவர் புகார் கொடுத்ததும் கணக்கு முடக்கப்படும். விசாரணைக் கடிதம் வேறு மாநிலத்திலிருந்துகூட வரும். இருபது வயதுப் பையன் தான் அந்தப் பணத்தைத் தொடவே இல்லை என்று கூறலாம். பதிவேட்டில் இருப்பதோ அவன் பெயர். நாமாக நினைத்தாலும் அந்தக் கணக்கை விடுவிக்க இயலாது. பணத்தை இழந்தவர்கள் 1930 என்ற எண்ணை உடனே அழைக்க வேண்டும். தாமதிக்கும் ஒவ்வொரு மணி நேரமும் பணம் இன்னொரு கணக்குக்கு நகர்ந்துகொண்டிருக்கும்.

உண்மையான வேலையென்றால் அதற்கான தடயங்கள் ஏட்டிலேயே இருக்கும். வருங்கால வைப்பு நிதிக்கான யுஏஎன் எண் இருக்கும். அடிப்படைச் சம்பளத்தில் பொதுவாக 12 சதவீதம் உங்கள் பங்காகவும் அதே அளவு நிறுவனத்தின் பங்காகவும் செலுத்தப்படும். ஒப்பந்த ஊதியமானால், பிடித்த வரி உங்கள் பான் எண்ணின்கீழ் வருமான வரித் துறையின் தளத்தில் தெரியும். நியமனக் கடிதம் கிடைத்ததும், எவருக்கும் ஒரு ரூபாய்கூட அனுப்புவதற்கு முன், அதைக் கிளைக்கு எடுத்து வாருங்கள். கூட்டம் குறையும் பிற்பகல் வேளையாக இருந்தால் இருவருமாக உட்கார்ந்து நிதானமாகப் படிக்கலாம்.