ஸ்ட்ரோக் பழக ஒரு சுவர் போதும்

டென்னிஸ்னு சொன்னாலே நம்ம பசங்களுக்கு நுங்கம்பாக்கம் ஸ்டேடியம்தான் ஞாபகம் வரும். "ராயபுரம், திருவொற்றியூர்ல இருந்துக்கிட்டு நமக்கெதுக்குடா டென்னிஸ்?" என்பார்கள். இங்கே கோர்ட் குறைவு, கோச்சிங்குக்குச் செலவு அதிகம். ரெண்டும் உண்மைதான். ஆனா ஸ்ட்ரோக்கைச் சரிபண்ண அதுவரைக்கும் காத்திருக்கத் தேவையில்லை என்பது என் கருத்து.

ஓங்கி அடிச்சா நல்ல ஷாட் என்றே நம்மில் பலர் நினைக்கிறோம். பந்து ராக்கெட்டின் ஸ்ட்ரிங்கில் படுகிற நேரம் சுமார் 5 மில்லி செகண்ட். அதுக்குள்ள எதையும் திருத்த முடியாது. எல்லாம் முன்னாடியே முடிவாகிவிடும். பந்து வரும்போதே தோளைத் திருப்பினோமா? அது தரையில் குத்துவதற்குள் ராக்கெட் பின்னால் போயிடுச்சா? உடம்புக்கு முன்னாலேயே பந்தைச் சந்திச்சோமா? இந்த மூணும் சரியா இருந்தா, பலம் தானா வரும்.

நம்ம சென்னைக்காரர் ரமேஷ் கிருஷ்ணனைப் பாருங்க. அவருடைய சர்வீஸ் வேகத்துக்குப் பேர் போனதில்லை. ஆனாலும் 1989 ஆஸ்திரேலிய ஓப்பனில், அப்போது உலகின் நம்பர் 1 வீரரும் நடப்புச் சாம்பியனுமான மாட்ஸ் விலாண்டரைத் தோற்கடித்தார். பந்தைச் சரியான நேரத்தில், நினைத்த இடத்தில் வைக்கும் கைதான் அவருடைய ஆயுதம்.

நம்ம ஏரியாவுக்கும் இது புதுசில்ல. 2024-ல் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் 3 தங்கம் வென்ற காசிமா, வட சென்னை ஆட்டோ ஓட்டுநரின் மகள். ஸ்ட்ரைக்கரோ ராக்கெட்டோ, ஒரே அடியை ஆயிரம் தடவை அடிச்சாத்தான் கை படியும்.

டென்னிஸில் அந்த ஆயிரத்தைச் சலிக்காமல் திருப்பித் தர சுவரால்தான் முடியும். எதிராளியைவிடச் சீக்கிரமா பந்தைத் திருப்பி அனுப்பும், தயாராக லேட் ஆனா உடனே மாட்டிக்குவோம். முதல்ல ஏழெட்டு மீட்டர் தள்ளி நின்னு, பந்தை ரெண்டு தடவை குத்தவிட்டு மெதுவா அடிங்க. தொடர்ந்து இருபது வந்தபிறகு வேகத்தைக் கூட்டலாம்.

சுவர் தப்பைச் சொல்லித்தராதே என்று கேட்கலாம். நியாயம்தான். அதுக்கு போன் இருக்கு. பக்கவாட்டில் வைத்து, 240 பிரேம் ஸ்லோமோஷனில் எடுங்க. ஒரு பிரேம் சுமார் 4 மில்லி செகண்ட். பந்து எங்கே பட்டது, தோள் எப்போ திரும்பியது என்பதெல்லாம் தெரிஞ்சிடும். நல்ல கோச் கிடைக்கும் நாளில் அந்த வீடியோவையே அவரிடம் காட்டலாம்.

அதனால நிர்வாகத்துக்கு ஒரு சின்ன கோரிக்கை. புது கோர்ட் வரும்போது வரட்டும். இப்போதைக்கு கிரவுண்ட் பக்கம் ஜன்னல் இல்லாத ஒரு சுவரைக் கொடுங்க. நடுவலையின் உயரமான 3 அடியில் ஒரு வெள்ளைக் கோடு. அந்தப் பெயின்ட்டைக்கூட நாங்களே அடிச்சுக்கிறோம்.