ஊறப்போட்ட பயறும் ஒரு காரக்குழம்பும்

விருத்தாசலம் என்றால் வெளியூர்க்காரர்களுக்கு முதலில் விருத்தகிரீசுவரர் கோயில், அடுத்து பீங்கான். அகல் விளக்கும் பொம்மையும் மின்சார ப்யூஸ் கேரியரும் சுட்டெடுக்கும் சூளைகள் இந்த ஊருக்குப் பீங்கான் நகரம் என்று பெயர் வாங்கித் தந்தன. சமையலறையைப் பற்றிப் பேச வேண்டுமானால் இந்த ஊரின் ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்திலிருந்துதான் தொடங்க வேண்டும். நெல்லும் மணிலாவும் எள்ளும் வரும் அதே இடத்துக்கு உளுந்து மூட்டைகளும் வருகின்றன. சம்பா அறுவடைக்கு ஒரு வாரம், பத்து நாள் முன்பே, நிற்கும் பயிருக்குள் உளுந்தையும் பச்சைப்பயறையும் தெளித்துவிடுவது கடலூர் மாவட்டத்தின் தென்பகுதியிலும் காவிரி டெல்டாவிலும் நெடுநாள் வழக்கம். தனியாகத் தண்ணீர் பாய்ச்ச வேண்டியதில்லை. மண்ணில் மிச்சமிருக்கும் ஈரமும் இரவுப் பனியும் போதும். எழுபது நாளில் பயறு கைக்கு வந்துவிடும். இப்படிப் பயறு விளையும் மண்ணில், வேலை நாள் இரவுச் சாப்பாட்டிலிருந்து முழுப்பயறு ஏறக்குறைய விலகிப்போய்விட்டது. நவராத்திரிச் சுண்டலுக்கு மட்டும் அது வீட்டுக்குள் வருகிறது. வேலை முடிந்து களைத்து வரும் குடும்பத்துக்கு, அலமாரியில் இருக்கும் உலர்ந்த பயறை வைத்துச் செய்யும் ஒரு காரக்குழம்பைப் போல மலிவான, சத்தான, ருசியான இரவுச் சாப்பாடு வேறில்லை என்பது என் உறுதியான கருத்து.

சாம்பாரில்தான் தினமும் பருப்பு இருக்கிறதே என்று கேட்பார்கள். கணக்குப் போட்டுப் பார்ப்போம். நான்கு பேருக்கு 100 கிராம் துவரம்பருப்பு போட்டால் ஆளுக்கு 25 கிராம். அதில் புரதம் ஐந்தாறு கிராம்தான். இட்லி மாவில் நான்கு பங்கு அரிசிக்கு ஒரு பங்கு உளுந்து; அங்கும் அரிசியின் கைதான் ஓங்கியிருக்கிறது. ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் வெளியிட்ட உணவு வழிகாட்டுதல், ஒருநாள் ஆற்றலில் தானியங்களின் பங்கு 45 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்றும், பயறு, முட்டை, இறைச்சி வகையிலிருந்து 15 சதவீதம் வரை வர வேண்டும் என்றும் சொல்கிறது. 100 கிராம் அரிசியில் சுமார் எட்டு கிராம் புரதம். கொண்டைக்கடலை, கொள்ளு, காராமணி, பச்சைப்பயறு எல்லாவற்றிலும் 19 முதல் 23 கிராம் வரை. அரிசியில் குறைவாக இருக்கும் லைசின் என்ற அமினோ அமிலம் பயறில் நிறைய உண்டு. பயறில் குறைவாக உள்ள மெத்தியோனினை அரிசி தருகிறது. இரண்டும் ஒரே தட்டில் சேர்வதற்கு இதைவிட நல்ல காரணம் வேண்டியதில்லை. தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுள்ள பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை என்று 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வு காட்டியது. பயறு மட்டுமே அதைத் தீர்த்துவிடாது, மருந்து தேவைப்படுவோருக்கு மருந்துதான். ஆனால் பாதிக்கு மேற்பட்ட பெண்களுக்கு ரத்தம் குறைந்திருக்கும் மாநிலத்தில், இரும்புச்சத்து உள்ள ஒரு பொருளைப் பண்டிகைக்கு மட்டும் ஒதுக்கி வைப்பது சரியில்லை.

அடுத்து நேரம். பயறு சமைக்க நேரமாகும் என்ற எண்ணமே அதை அடுப்பிலிருந்து விரட்டியது. உண்மையில் நேரமெடுப்பது ஊறுவதுதான். அதற்கு யாரும் பக்கத்தில் நிற்க வேண்டியதில்லை. காலையில் வேலைக்குக் கிளம்பும்போது கொண்டைக்கடலையையோ மொச்சையையோ தண்ணீரில் போட்டுவிட்டுப் போனால் மாலைக்குள் ஊறியிருக்கும். மறந்துபோன நாளுக்கும் வழி உண்டு: காராமணியையும் பச்சைப்பயறையும் வெறும் வாணலியில் மணம் வரும்வரை வறுத்து, ஊறவைக்காமலேயே குக்கரில் வேகவைக்கலாம். குக்கருக்குள் நீராவி அழுத்தத்தில் வெப்பம் 120 டிகிரி அளவுக்கு ஏறுவதால் விறகடுப்புக் காலத்து மணிக்கணக்கு இப்போது நிமிடக்கணக்காகிவிட்டது. பயறு வேகும் நேரத்திலேயே பக்கத்து அடுப்பில் நல்லெண்ணெயில் தாளித்து, சின்ன வெங்காயம், பூண்டு, தக்காளி வதக்கி, குழம்பு மிளகாய்த்தூள் போட்டுப் புளி கரைத்து ஊற்றிவிடலாம். பலர் தோற்றுப்போவது ஒரே இடத்தில்: புளியைப் பயறு வேகும் முன்பே சேர்த்துவிடுகிறார்கள். புளிப்பு பயறின் தோலையும் சதையையும் இறுக்கிவிடும். எத்தனை விசில் விட்டாலும் நறுக்கென்றே இருக்கும். பயறு மசியும் பதத்துக்கு வெந்தபிறகே புளிக்குழம்பில் கொட்டிக் கொதிக்கவிட வேண்டும். கடினத்தன்மை மிகுந்த போர்த் தண்ணீரும் பயறை எளிதில் வேகவிடாது. வேகவைக்க மட்டுமாவது நல்ல தண்ணீர் எடுத்துக்கொள்ளலாம். ஒரு வருடத்துக்கு மேல் டப்பாவில் கிடந்த பயறும் அப்படித்தான். இந்த மூன்றையும் கவனித்தால் அரை மணியிலிருந்து முக்கால் மணிக்குள் குழம்பு தயார்.

காரம் வேண்டாம், பருப்பே போதும் என்பார் உண்டு. வயிற்றுப்புண் உள்ளவர்கள் மிளகாயைக் குறைத்துக்கொள்ளட்டும், அதில் தவறில்லை. மற்றவர்களுக்குக் காரமும் புளிப்பும்தான் பயறைச் சாப்பிட வைக்கின்றன; மாவுத்தன்மை உள்ள எந்தப் பொருளும் தனியாக நின்றால் சலித்துப்போகும். தென்னாற்காட்டு வீடுகளுக்கு இதில் ஒரு தனிச்செல்வம் இருக்கிறது: தாளிப்பு வடகம். சின்ன வெங்காயம், பூண்டு, கடுகு, வெந்தயம், உளுந்து எல்லாம் சேர்த்துக் கோடை வெயிலில் உருண்டையாகக் காயவைத்த இந்த வடகத்தில் ஒரு துண்டைக் கிள்ளிப் போட்டால், காய்கறி ஒன்றுமே இல்லாத நாளிலும் காராமணிக் குழம்பு தெருவரை மணக்கும். புளி, உப்பு, ஊறுகாய் இவற்றைப் பீங்கான் ஜாடியில் வைக்கும் வழக்கத்தையும் இங்கே சொல்லியாக வேண்டும். மெருகேற்றிச் சுட்ட பீங்கான் உப்போடும் புளிப்போடும் வினைபுரியாது, உலோகமானால் அரித்துவிடும். மாதக்கணக்கில் கெடாத சரக்கை வைத்து அன்றன்றைய சாப்பாட்டைச் சமாளிப்பது நம் வீடுகளுக்குத் தெரிந்த வித்தைதான்; அதை மீண்டும் கையில் எடுத்தால் போதும்.

வாயு பிடிக்கும் என்ற புகாரில் உண்மை இருக்கிறது. பயறில் உள்ள சில சர்க்கரைகள் சிறுகுடலில் செரிக்காமல் பெருங்குடலில் நொதித்து வாயுவாகின்றன. ஊறவைத்த தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீரில் வேகவைத்தால் அவை ஓரளவு குறையும். கொஞ்சமாகத் தொடங்கிப் பழக்கினால் குடலும் ஏற்றுக்கொள்ளும். இதைவிடக் கனமான ஆட்சேபம் ஒன்று உண்டு: "வீட்டில் சமையுங்கள்" என்று எழுதும்போதெல்லாம் அந்தச் சுமை வேலைக்குப் போய்வரும் பெண்ணின் தலையில்தான் விழுகிறது. அந்த நியாயத்தை முழுமையாக ஏற்கிறேன். ஆகவேதான் இந்தக் குழம்பு பொருத்தமானது. ஊறப்போடுவது, தண்ணீரைக் கொட்டுவது, குக்கரை ஏற்றுவது ஆகியவற்றில் பத்து வயதுப் பிள்ளை முதல் இரண்டு வேலையையும் செய்யலாம். மூன்றாவதைச் செய்ய ஆணுக்குத் தெரியாது என்பது இனி ஒரு காரணமாகாது.

தனி வீடுகளின் முயற்சியோடு இது நின்றுவிடவும் கூடாது. 2007-இல் தொடங்கிய சிறப்புப் பொது விநியோகத் திட்டத்தில் துவரம்பருப்பு கிலோ 30 ரூபாய்க்கு ரேஷன் கடையில் கிடைக்கிறது. உளுந்தும் சில காலம் கிடைத்தது, பிறகு நின்றுபோனது. பருப்போடு மாதம் ஒரு கிலோ முழுப்பயறையும் தமிழக அரசு சேர்க்க வேண்டும்: கொண்டைக்கடலையோ, பச்சைப்பயறோ, காராமணியோ, அந்தந்தப் பகுதியில் விளைவது எதுவோ அது. விருத்தாசலம் போன்ற விற்பனைக்கூடங்களில் நேரடியாகக் கொள்முதல் செய்தால் பர்மாவிலிருந்தும் ஆப்பிரிக்காவிலிருந்தும் பருப்பு வரவழைக்கும் நாட்டில் நெல்லுக்குப் பின் பயறு எடுக்கும் உழவருக்கும் ஒரு பிடிமானம் கிடைக்கும். ரேஷனில் அது வரும்வரை காத்திருக்க வேண்டாம். இன்றிரவு படுக்கப் போகும் முன் ஒரு டம்ளர் கறுப்புக் கொண்டைக்கடலையைக் கழுவித் தண்ணீரில் போட்டு வையுங்கள்.