திரும்பத் திரும்ப வரும் உருவம்

எமது தையல் வகுப்பில் ஓர் அக்கா மூன்று துணிகளிலும் ஒரு சைக்கிளையே தைத்திருந்தார். "அக்கா, வேறை ஏதும் தைக்கலாம்தானே?" என்று கேட்டுவிட்டேன். அவர் ஒன்றும் பேசாமல் துணியை மடித்து வைத்தார். சமூகவியல் படித்தவள் கேட்கிற கேள்வியா அது? வீட்டுக்கு வந்த பிறகுதான் எனக்கு உறைத்தது.

கலைப்படைப்பில் திரும்பத் திரும்ப வருகிற உருவத்தை அல்லது கருத்தை 'மோட்டிஃப்' என்பார்கள். சேலைக் கரையில் வரும் மாங்காயும் அதுதான். இது பிரெஞ்சுச் சொல். 'அசைத்தல்' என்ற பொருளுடைய இலத்தீன் வேரிலிருந்து வந்தது. ஒருவரைச் செயலுக்குத் தூண்டும் காரணத்தையும் பிரெஞ்சுக்காரர் இதே சொல்லால்தான் குறிப்பர். ஜேர்மனியர் இதனோடு 'வழிநடத்து' என்ற பொருளுடைய சொல்லைச் சேர்த்து 'லைட்மோட்டிஃப்' என்றார்கள். 19ஆம் நூற்றாண்டில் வாக்னரின் இசைநாடகங்களைப் பற்றி எழுதியவர்கள் பரப்பிய சொல் அது. பாத்திரம் மேடையில் இல்லாவிட்டாலும் அவருக்குரிய இசை ஒலித்தால் அவர் நினைவு வந்துவிடும்.

மேடையில் இல்லாதவர் என்றதும் சிலி நாட்டுப் பெண்கள் என் ஞாபகத்துக்கு வந்தார்கள். அங்கு 1973 செப்டெம்பரில் இராணுவம் ஆட்சியைப் பிடித்தது. பிடித்துச் செல்லப்பட்ட பலர் காணாமல் ஆக்கப்பட்டனர். கணவரையும் பிள்ளைகளையும் தேடி அலைந்த பெண்கள், 1974 முதல் தலைநகர் சாந்தியாகோவில் திருச்சபைகளின் ஆதரவோடு ஒன்றுகூடித் தைத்தார்கள். சாக்குத் துணியில் பழந்துணித் துண்டுகளை வைத்துத் தைத்த படங்கள் அவை. சாக்குத் துணிக்கான ஸ்பானியச் சொல்லே, 'ஆர்ப்பியேரா' என்று, அவற்றுக்குப் பெயராயிற்று. காணாமல் ஆக்கப்பட்டவரின் உடுப்புத் துணியும் சிலவற்றில் உண்டு. தைத்தவர்கள் வேறு வேறு பெண்கள். ஆனால் பெரும்பாலான படங்களின் மேற்பக்கத்தில் அதே அந்தீஸ் மலை, அதே சூரியன். பலவற்றில் 'அவர்கள் எங்கே?' என்ற அதே கேள்வி. அந்நாட்டுப் பத்திரிகைகள் எழுத முடியாததை, வெளிநாடுகளுக்குப் போன அந்தத் துணிகள் சொல்லின. அவர்களிடம் போய் வேறு ஏதும் தையுங்கள் என்று யாரும் சொல்லியிருக்க முடியுமா?

அடுத்த கிழமை அந்த அக்காவிடம் மன்னிப்புக் கேட்டேன்.

"அது அவற்றை சைக்கிள், தங்கச்சி. சின்னவளைக் கரியரிலை இருத்திக்கொண்டுதான் கடைக்குப் போவார்" என்றார்.

நாலாவது துணி மடியில் இருந்தது. கரியர் மட்டும் இன்னும் தைக்கவில்லை. பச்சை நூல் முடிந்துவிட்டதாம், வரும்போது வாங்கி வரச் சொன்னார்.