தண்ணீர்க் கணக்கை யாரிடம் ஒப்புவிப்பது?



ஆதியாகமம் 26-ஆம் அதிகாரத்தை ஈசாக்கின் பொறுமைக்குச் சான்றாகவே நாம் பெரும்பாலும் வாசிக்கிறோம். இந்த வாரம் அதைத் தண்ணீர் வழக்காக வாசித்துப் பாருங்கள். ஆபிரகாமின் நாட்களில் வெட்டிய துரவுகளைப் பெலிஸ்தர் மண்ணிட்டுத் தூர்த்துவிட்டார்கள். ஈசாக்கு அவற்றைத் திரும்பத் தோண்டி, தகப்பன் இட்டிருந்த பெயர்களையே இட்டான். அவன் புதிதாக வெட்டிய துரவுகளுக்கும் ஏசேக்கு, சித்னா, ரெகொபோத் என்று தனித்தனிப் பெயர்கள் உண்டு. அந்த அதிகாரத்தில் தண்ணீருக்கு அளவு சொல்லப்படவில்லை. இடமும் பெயருமே சொல்லப்படுகின்றன.

இதை மனதில் வைத்துக்கொண்டு, குளிர்பான நிறுவனங்கள் நமக்குச் சொல்லும் கணக்கைப் பாருங்கள். தன் பானங்களுக்கு எடுக்கும் தண்ணீருக்கு ஈடான தண்ணீரைத் திருப்பித் தருவதாகக் கோக்கோ கோலா நிறுவனம் 2007-இல் அறிவித்தது. 2020-க்கு என்று வைத்த இலக்கை ஐந்து ஆண்டு முன்னதாகவே எட்டிவிட்டதாக 2016-இல் சொன்னது. ஆனால் அந்தக் கணக்கில் ஏறியது பானமாகப் புட்டிக்குள் போன தண்ணீர்தான். அதில் கரையும் சர்க்கரைக்காகக் கரும்பு குடித்த தண்ணீர் ஏறவில்லை. படாளம் ஆலைக்குக் கரும்பு அனுப்பிய நம் உழவர்களுக்கு, விட்டுப்போன அந்தத் தொகை எவ்வளவு பெரியது என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

அதைவிட முக்கியமான கேள்வி, எங்கே திருப்பித் தந்தார்கள் என்பது. உலகெங்கும் செய்த பணிகளை ஒன்றாகக் கூட்டிச் சொன்ன தொகை அது. கரியமில வாயுவை எந்த நாட்டில் குறைத்தாலும் வானம் ஒன்றே என்பதால், அங்கே இப்படிப்பட்ட கூட்டலுக்கு ஓரளவு பொருள் உண்டு. தண்ணீருக்கு அப்படியல்ல. ஒரு கிராமத்தில் உறிஞ்சிய நீருக்கு ஈடாக வேறொரு மாநிலத்தில் தடுப்பணை கட்டினால், தொகை சரியாகிவிடும். உறிஞ்சப்பட்ட கிணறு ஊறாது.

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில் பிளாச்சிமடை என்னும் சிற்றூர் இருக்கிறது. 2000-ஆம் ஆண்டில் அங்கே இதே நிறுவனத்தின் ஆலை இயங்கத் தொடங்கியது. சில ஆண்டுகளுக்குள் கிணறுகள் வற்றின. எஞ்சிய தண்ணீர் வாயில் வைக்க முடியாததாயிற்று. 2002 ஏப்ரலில் ஆதிவாசி மக்கள் ஆலை வாசலில் போராட்டம் தொடங்கினார்கள். அவர்களை முன்நின்று நடத்தியவர்களில் மயிலம்மா என்ற தாயும் ஒருவர். ஆலைக் கழிவுச் சேற்றை உழவர்கள் உரமென்று பெற்று வயலில் இட்டிருந்தார்கள். 2003-இல் பிபிசி வானொலி அதைச் சோதிக்கச் செய்தபோது காட்மியமும் காரீயமும் இருப்பது தெரிந்தது. பெருமாட்டி ஊராட்சி உரிமத்தைப் புதுப்பிக்க மறுத்தது. 2004 மார்ச்சில் ஆலை நின்றது. இழப்பை 216 கோடி ரூபாய்க்கு மேல் என்று 2010-இல் உயர்நிலைக் குழு மதிப்பிட்டது. அந்த இழப்பீட்டுக்குத் தீர்ப்பாயம் அமைக்கக் கேரளச் சட்டமன்றம் 2011-இல் நிறைவேற்றிய மசோதாவுக்குக் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் கிடைக்கவில்லை. நிறுவனத்தின் உலகக் கணக்கு நேர்பட்ட பின்னும், இந்த ஊரின் கணக்கு தீரவில்லை.

நம் மாநிலத்திலும் திருநெல்வேலியை அடுத்த கங்கைகொண்டானில் குளிர்பான ஆலைகளுக்குத் தாமிரபரணித் தண்ணீர் போனது. ஆயிரம் லிட்டருக்கு 37 ரூபாய் 50 காசு. அதாவது லிட்டர் நாலு காசுக்கும் குறைவு. உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2016 நவம்பரில் இடைக்காலத் தடை விதித்து, 2017 மார்ச் 2 அன்று வழக்கைத் தள்ளுபடி செய்தது. அதற்கு முந்தைய நாள்தான் வணிகர் சங்கங்கள் பெப்சி, கோக் விற்பதில்லை என்று அறிவித்துக் கடைகளிலிருந்து அவற்றை அகற்றத் தொடங்கியிருந்தன.

நியாயமாகப் பேச வேண்டுமானால், நிலத்தடி நீரில் பெரும்பங்கை எடுப்பது ஆலைகள் அல்ல, பாசனமே. அதை மறைப்பது நமக்கு அழகல்ல. ஆனால் உழவனின் கிணறு வற்றினால் முதலில் வாடுவது அவன் வயல். ஆலை முதலாளிக்கு அந்த அச்சம் இல்லை. இங்கே வற்றினால் அவர் வேறோர் இடத்தில் துளையிடுவார்.

பிரியமானவர்களே, உத்திரமேரூரில் வாழும் நமக்கு இதில் பேசத் தனி உரிமை உண்டு. வைகுந்தப் பெருமாள் கோயில் சுவரில் உள்ள பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகளைக் குடவோலைத் தேர்தலுக்காகவே எல்லாரும் புகழ்கிறார்கள். அந்தக் குடவோலையில் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களில் ஆறு பேர் ஏரி வாரியத்தார். 360 நாள் ஏரியைக் காப்பது அவர்கள் கடமை. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாமல் போனவரும் அவருடைய நெருங்கிய உறவினரும் பிறகு குடவோலைக்குத் தகுதியற்றவர்கள் என்றும் அதே கல்வெட்டு விதிக்கிறது. கி.பி. 921-இல், தண்ணீரைப் பொறுப்பேற்றவன் அதன் பயனை நுகரும் ஊராருக்கே கணக்கு ஒப்புவித்தான். இன்றைய நிறுவனமோ ஆண்டறிக்கையில் பங்குதாரருக்கு ஒப்புவிக்கிறது. தண்ணீர் கொடுத்த ஊருக்கு வருவது விளம்பரம்.

நம் திருச்சபையையும் விட்டுவிடலாகாது. அறுப்பின் பண்டிகையில் நிலத்தின் விளைச்சலைப் பீடத்தின்முன் படைத்துவிட்டு, வெளியே வந்து கால் லிட்டர் பிளாஸ்டிக் புட்டிகளில் தண்ணீரும் பெட்டி பெட்டியாகக் குளிர்பானமும் பரிமாறுகிறோம். இவ்வருடம் நீர்மோரும் பானைத் தண்ணீரும் போதும் என்பது என் கருத்து. சபைக் குழுவில் இதை முன்வைக்கிறேன். டம்ளர் கழுவ ஆள் வேண்டும் என்பீர்கள். வாலிபர் சங்கம் எதற்கு இருக்கிறது?

உங்களில் பலர் சுற்றுக் கிராமங்களிலிருந்து ஆராதனைக்கு வருகிறவர்கள். மார்ச் 22, உலகத் தண்ணீர் நாள் அன்று கிராமசபை கூட வேண்டும் என்று தமிழக அரசு 2022-இல் அறிவித்தது. அன்று தவறாமல் போங்கள். நம் ஊர் எல்லைக்குள் விற்பனைக்காகத் தண்ணீர் எடுக்கும் ஆழ்துளைக் கிணறுகள் எத்தனை, நாளுக்கு எத்தனை லிட்டருக்கு அனுமதி, மீட்டர் உண்டா, கோடையில் பக்கத்துக் கிணறுகளின் நீர்மட்டம் எங்கே நிற்கிறது என்று கேளுங்கள். கிடைக்கும் பதிலைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள். பதில் இல்லையென்றால் அதையும் எழுதச் சொல்லுங்கள்.