சோறு வைக்கிற நாமே ஊசிக்கும் வழி பார்க்கலாமே!



தெருநாய் விவகாரம் சுப்ரீம் கோர்ட் வரை போனதில் இருந்து எங்கள் தெருவில் பெண்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து விட்டோம். "எல்லா நாயையும் பிடிச்சிட்டுப் போனாத்தான் பிள்ளைங்க நிம்மதியா பள்ளிக்கூடம் போவும்" என்பது எதிர் வீட்டு அக்காவின் கட்சி. "வாயில்லா ஜீவன், அது எங்க போயி நிக்கும்?" என்பது எங்க அத்தையின் கட்சி. குழாயடியில் இந்த வாக்குவாதம் தினமும் நடக்கிறது. இதில் பாதிப் பேருக்குக் கோர்ட் என்ன சொன்னது என்பதே சரியாகத் தெரியாது. அதனால் அதை முதலில் சொல்லி விடுகிறேன்.

2025 ஆகஸ்ட் 11 அன்று இரண்டு நீதிபதிகள், டில்லியிலும் அதைச் சுற்றியுள்ள நகரங்களிலும் தெருநாய்களை எல்லாம் பிடித்துக் காப்பகத்தில் அடைக்கச் சொன்னார்கள். நாடு முழுவதும் ஒரே கூச்சல். பதினோரு நாள் கழித்து, ஆகஸ்ட் 22 அன்று, மூன்று நீதிபதிகள் அதை மாற்றினார்கள். கருத்தடை ஆபரேஷன் செய்து, தடுப்பூசியும் புழு மருந்தும் கொடுத்து, பிடித்த இடத்திலேயே விட்டு விடலாம்; வெறி பிடித்ததையும், ஆளைக் கண்டால் பாய்கிறதையும் மட்டும் விடக்கூடாது என்றார்கள். கூடவே, தெருவில் கண்ட இடத்தில் சோறு வைக்கக் கூடாது, வார்டுக்கு வார்டு அதற்கென்று இடம் ஒதுக்க வேண்டும் என்றும் சொன்னார்கள். பிறகு நவம்பர் 7 அன்று இன்னொரு உத்தரவு. பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, பஸ் ஸ்டாண்ட், ரயில்வே ஸ்டேஷன் போன்ற இடங்களுக்குச் சுற்றுவேலி போட்டு, உள்ளே இருக்கும் நாய்களை அப்புறப்படுத்த வேண்டும், அவற்றைத் திரும்ப அங்கே விடக்கூடாது என்று. ஆக, டில்லிக்காரன் பாடு நமக்கென்ன என்று சங்கரன்கோவிலில் நாம் சும்மா இருந்துவிட முடியாது.

என்னைக் கேட்டால், நாய்களுக்குக் கருத்தடை செய்து அதே இடத்தில் விடுவதுதான் சரி. ஒரு தெருவில் இருந்து நாய்களைத் துரத்தினால், குப்பை இருக்கிற வரை அடுத்த தெரு நாய்கள் அங்கே வந்து குடியேறி விடும். இதற்கான விதிகள் 2001-லேயே வந்தாயிற்று, 2023-ல் திருத்தி எழுதியும் ஆயிற்று. சட்டம் இருந்து என்ன பிரயோஜனம்? ஆபரேஷனுக்கு டாக்டர் வேண்டும், முடிந்த பிறகு நாலைந்து நாள் வைத்துப் பார்க்க இடம் வேண்டும், நாயை அடிக்காமல் பிடிக்கத் தெரிந்த ஆள் வேண்டும். பெரிய நகரங்களுக்கே இதெல்லாம் திண்டாட்டம் என்னும்போது, நம்மைப் போன்ற ஊர்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

மளிகைக் கணக்கு எழுதுகிற பழக்கத்தில் ஒரு கணக்கு போட்டுப் பார்த்தேன். 2024-ம் வருஷம் நாடு முழுக்க 37 லட்சம் பேரை நாய் கடித்ததாகவும், ரேபிஸ் என்று சந்தேகப்படும் சாவு 54 என்றும் மத்திய அரசு பார்லிமென்டில் சொன்னது. அதே வருஷம் தமிழ்நாட்டில் மட்டும் 4.80 லட்சம் பேருக்குக் கடி, 43 பேர் சாவு என்று நம் மாநில சுகாதாரத் துறை கணக்கு சொல்கிறது. அப்படியானால் மற்ற மாநிலங்கள் எல்லாம் சேர்ந்தும் 11 பேர்தானா? உலக சுகாதார நிறுவனமோ இந்தியாவில் வருஷத்துக்கு 18,000 முதல் 20,000 பேர் வரை சாவதாக மதிப்பிடுகிறது. நம் மாநிலம் ஓரளவு ஒழுங்காக எண்ணுகிறது, பல இடங்களில் எண்ணுவதே இல்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. எண்ணாத வியாதிக்கு யார் பணம் ஒதுக்குவார்கள்?

எங்கள் தெருவில் நடந்ததையும் சொல்ல வேண்டும். இரண்டாம் வகுப்புப் படிக்கிற ஒரு பிள்ளையைக் குட்டிநாய் ஒன்று காலில் லேசாகக் கடித்து விட்டது. அம்மா திட்டுவாளே என்று பயந்து அது யாரிடமும் மூச்சு விடவில்லை. சாயங்காலம் ஆச்சிதான் பார்த்து, காப்பித்தூளை அப்பி விட்டாள். "குட்டிதானே, பல்லு பட்டதுக்கு என்ன செய்யும்?" என்று சமாதானம் வேறு. 2025 ஜூனில் உத்தரப்பிரதேசத்தில் ஒரு கபடி வீரர், சாக்கடையில் விழுந்த குட்டியைத் தூக்கிக் காப்பாற்றியபோது அது கடித்ததைப் பெரிதாக நினைக்காமல் ஊசி போடாமல் விட்டு, ரேபிஸ் வந்து இறந்தே போனார். அதைப் பேப்பரில் படித்திருந்த ஞாபகத்தில் நான் ஓடிப்போய்ச் சொன்னேன். காப்பித்தூளைக் கழுவி, குழாயைத் திறந்துவிட்டு, சோப்புப் போட்டு 15 நிமிஷம் கழுவினோம். காயத்தில் இருக்கிற கிருமியில் பெரும்பகுதி இந்தக் கழுவலிலேயே போய்விடும் என்கிறார்கள். அப்புறம் நேரே கவர்ன்மென்ட் ஆஸ்பத்திரி. ஊசி இலவசம்தான்.

ஆச்சி விடாமல் அழுதாள். தொப்புளைச் சுற்றி பதினாலு ஊசி போடுவார்களே என்ற பழைய பயம். அந்தக் காலத்து மருந்து நாட்டை விட்டே போய் இருபது வருஷம் ஆகிறது. இப்போது கையில்தான் போடுகிறார்கள். கடித்த நாள், 3-ம் நாள், 7-ம் நாள், 28-ம் நாள் என்று நாலு முறை. காயம் ஆழமாகவோ, ரத்தம் வருகிற மாதிரியோ, முகத்திலோ தலையிலோ கையிலோ இருந்தால், காயத்தைச் சுற்றி இம்யூனோகுளோபுலின் என்று தனி மருந்தும் போட வேண்டும். 2025-ல் கேரளத்தில் தடுப்பூசி போட்டும் சில குழந்தைகள் இறந்த செய்தி வந்ததே, அதில் தலைப்பக்கம் கடித்ததும் உண்டு. மூளைக்கு எவ்வளவு பக்கத்தில் கடிக்கிறதோ, அவ்வளவு சீக்கிரம் கிருமி அங்கே போய்ச் சேரும்.

28-ம் நாள் ஊசிதான் பெரும்பாடு. அன்றைக்கு அவர்கள் வீட்டில் குலதெய்வம் கோயிலுக்குக் கிளம்ப வேன் வந்து நிற்கிறது. "காயம்தான் ஆறிப் போச்சே மைனி, வந்து பார்த்துக்கலாம்" என்றாள் அந்தப் பெண். வேனைப் போகிற வழியில் ஆஸ்பத்திரி வாசலில் அரைமணி நேரம் நிறுத்த வைத்தோம். டிரைவர் முணுமுணுத்தார், முணுமுணுக்கட்டும்.

நம் ஊருக்கு இதெல்லாம் புதிதா என்ன? சங்கன், பதுமன் என்ற இரண்டு நாகங்களின் சண்டையைத் தீர்க்க சுவாமி சங்கரநாராயணராகக் காட்சி கொடுத்த தலம். பாம்பு, தேள் உருவங்களை வாங்கி உண்டியலில் போட்டு, புற்றுமண்ணை நெற்றியில் இட்டுக் கொள்கிறோம். பயப்படுகிற ஜீவனையும் கும்பிடத் தெரிந்தவர்கள் நாம். ராஜபாளையம், சிப்பிப்பாறை என்று பேர் சொல்லும் நாய்களும் நம் பக்கத்து மண்தான். 2005-ல் ராஜபாளையம் நாய்க்குத் தபால்தலையே வந்தது. அப்படியிருக்க, நம் வெயிலில் ஏ.சி. இல்லாமல் தவிக்கிற பனிநாட்டு ஹஸ்கியைக் காசைக் கொட்டி வாங்கி, ஆறு மாசத்தில் அலுத்துப் போய் ரோட்டில் விடுகிறவர்களை என்ன சொல்ல!

எங்கள் வீட்டு மணி சிப்பிப்பாறைக் கலப்பு. "வெளியவே போகாத நாய்க்கு எதுக்கு வருஷா வருஷம் ஊசி?" என்பார் வீட்டுக்காரர். பால்காரர் கேட்டைத் திறக்கிற இடைவெளியில் அது தெருமுனை வரை போய் நாலு நாயோடு மல்லுக்கட்டி விட்டு வருவது அவருக்குத் தெரியாது. தெரிந்த எனக்குத்தானே கவலை.

இப்போது சோறு விஷயம். மீந்த சோற்றைத் தெருவில் வைப்பது பெரும்பாலும் நாம்தான், அதனால் கோர்ட் சொன்னது முதலில் நம்மைத்தான் தொடுகிறது. தறிச் சத்தம் கேட்கும் எங்கள் குறுகலான சந்துகளில் தனி இடம் எங்கே ஒதுக்குவது என்பது எனக்கும் புரியவில்லை. ஆனால் பள்ளிக்கூட வாசலிலும் பிள்ளைகள் விளையாடும் இடத்திலும் வைக்காமல் இருக்கலாம். ஒரே நேரம், ஒரே மூலை என்று பழக்கலாம். தின்று முடித்ததும் இலையை எடுத்துப் போடலாம்.

இன்னொன்றும் உண்டு. தெருநாய் தன்னைத் தொட விடுவது சோறு வைக்கிற ஆளை மட்டும்தான். வலையோடு ஆள் வந்தால் ஊர் எல்லை தாண்டி ஓடுகிற நாய், நாம் கூப்பிட்டால் வாலை ஆட்டிக்கொண்டு வரும். ஒரு ஊர் நாய்களில் 70 சதவீதத்துக்குத் தடுப்பூசி போட்டு விட்டால் ரேபிஸ் பரவுவது நின்றுவிடும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். கோவாவில் அப்படி ஊசி போட்டே 2021-ல் ரேபிஸ் கட்டுப்பட்ட முதல் மாநிலம் என்று அறிவித்தார்கள். தடுப்பூசி முகாம் நடக்கிற அன்று நம் தெரு நாயைப் பிடித்துக் கொடுக்க நம்மை விட்டால் ஆள் கிடையாது. எங்கள் தெருவில் நான்கு பேர் பெயர் கொடுக்கத் தயாராக இருக்கிறோம். செப்டம்பர் 28 உலக ரேபிஸ் தினத்தை ஒட்டிப் பல ஊர்களில் முகாம் நடக்கும். கால்நடை ஆஸ்பத்திரியில் முன்கூட்டியே தேதி கேட்டு வைக்க வேண்டும்.

உங்கள் ஊரில் வார்டுக்கு வார்டு சோறு வைக்க இடம் ஒதுக்கி விட்டார்களா? எங்கே ஒதுக்கினார்கள், அக்கம்பக்கத்தார் சண்டைக்கு வராமல் எப்படிச் சமாளித்தீர்கள் என்று தெரிந்த சகோதரிகள் எழுதுங்களேன்.

- ஒரு வாசகி, சங்கரன்கோவில்.