மலையை வெட்டுவோர் கணக்கில் மண் இல்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

கண்டியில் ஹந்தானை, அம்பிட்டிய, அஸ்கிரிய என எந்தப் பக்கம் போனாலும் பெக்கோ இயந்திரம் ஒன்று மலைச்சரிவைக் குடைந்துகொண்டிருக்கிறது. சமநிலம் அரிதான இந்த ஊரில் சரிவில்தான் வீடு கட்டியாக வேண்டும். அதை நான் எதிர்க்கவில்லை. சரிவை நெட்டுக்குத்தாக வெட்டி, வெட்டிய மண்ணைக் கீழேயுள்ள ஓடைக்குள் தள்ளிவிட்டுப் போவதைத்தான் எதிர்க்கிறேன்.

2020 செப்டெம்பரில் கண்டி பூவெலிகடையில் ஐந்து மாடிக் கட்டடம் தாழிறங்கிப் பக்கத்து வீட்டின் மேல் சரிந்தது. கைக்குழந்தையும் அதன் பெற்றோரும் மாண்டார்கள். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் மழை கண்டி மாவட்டத்தையே மண்சரிவால் சிதைத்தது. அந்த மழைக்கு யாரும் கைவைக்காத சரிவுகளும் இடிந்தன என்பது உண்மை. அதைக் காட்டி, நாமே வெட்டிப் பலவீனமாக்கிய சரிவுகளுக்கான பொறுப்பிலிருந்து தப்ப முடியாது.

உடவத்தகெலே காட்டுக்குள் போய்ப் பாருங்கள். அங்கும் செங்குத்தான சரிவுகள் உண்டு. மழையின் அடியை முதலில் மரங்களும் சருகும் வாங்குகின்றன. அதன் கீழே வேரும் பூஞ்சை இழையும் மண்புழுத் துளையும் நிறைந்த கருமையான மேல்மண் நீரை உறிஞ்சி, மெல்ல மெல்லக் கீழே விடுகிறது. ஓர் அங்குல மேல்மண் உருவாக நூற்றுக்கணக்கான ஆண்டுகள் வேண்டும். பெக்கோ அதை ஒரு காலைப் பொழுதில் வழித்தெடுக்கிறது. பிறகு எஞ்சும் சிவந்த அடிமண் மழையில் இறுகிப் பாளமாகிறது. நீர் உள்ளே இறங்காமல் மேலால் பாய்ந்து மண்ணை அரிக்கிறது. வெடிப்பு இருந்தால் அதன் வழியே புகுந்து சரிவையே பாரமாக்கித் தள்ளுகிறது. அரித்த மண் கண்டி வாவியிலும் மெத எல கால்வாயிலும் படிகிறது. மிச்சம் மகாவலியில் கலந்து பொல்கொல்லை அணைக்கட்டில் தேங்குகிறது.

இந்த மலைகளில் மழையை ஆளத் தெரியாதவர்களல்ல நாங்கள். தேயிலைத் தோட்டங்களில் எங்கள் முன்னோர் சரிவுக்குக் குறுக்கே கான் வெட்டி, கல்லணை கட்டி மண்ணைக் காத்தார்கள். இன்று கான் தூர்ந்த தோட்டக் காணிகள் துண்டு துண்டாக விற்கப்படுகின்றன. வாங்குபவருக்கு நீர் எந்த வழியாக இறங்கும் என்று யார் சொல்கிறார்கள்?

மண் பாதுகாப்புச் சட்டம் 1951 முதல் இருக்கிறது. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்திடம் மண்சரிவு அபாய வரைபடங்கள் இருக்கின்றன. பேராதனையிலோ மண்ணியலைக் கற்பிக்கும் பல்கலைக்கழகமே இருக்கிறது. இவற்றுக்குப் பிறகும் அறியாமையைக் காரணம் சொல்ல முடியாது.

மாநகர சபையும் சுற்றியுள்ள பிரதேச சபைகளும் கட்டட அனுமதி கொடுக்கும்போதே வெட்டும் மண் எங்கே போகும் என்பதை எழுத்தில் கேட்க வேண்டும். மேல்மண்ணைத் தனியே சேர்த்து வைத்து மீண்டும் பரப்பி, புல்லோ செடியோ நட்ட பின்பே குடியிருக்க அனுமதிக்க வேண்டும். கான் வெட்டி முடியும்வரை அத்திவாரம் தோண்ட விடக்கூடாது. ஓடையில் மண் கொட்டியவரே தம் செலவில் அதை அள்ள வேண்டும். அனுமதி இலக்கமும் வெட்ட அனுமதித்த உயரமும் வளவின் வாசலில் பலகையில் எழுதப்பட்டால், கீழ்வீட்டில் இருப்பவர்களே அளந்து பார்த்து முறையிடுவார்கள். அடுத்த வடகீழ்ப் பருவமழைக்கு முன் இவை நடைமுறைக்கு வர வேண்டும்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
அம்பிட்டிய, கண்டி.